பேர் சொல்லாத துணி

பொம்மனஹள்ளி, பெங்களூர்
6.7.1997

அண்ணிக்கு ஜெயம்மாள் எழுதுவது.

இதைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதீங்க. சின்னண்ணன் கருமாதிப் பந்தலில் நாம் பேசிக்கொண்ட பேச்சுக்குப் பிறகு எனக்கு எழுதக் கை வரவில்லை. நீங்க பேசியது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 'வேலை வாங்கித் தரேன்னு என் வூட்டுக்காரர கூட்டிக்கினு போயி மாடியிலேருந்து தள்ளிட்டா' என்று ஊர் கேட்கச் சொன்னீங்க. நான் திருப்பிச் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை.

இப்போது எழுத வைத்தது நம்ம பெரியண்ணன் காசிநாதன்தான். பூத்திலிருந்து போன் பண்ணினேன். பங்குனியில் மகனுக்குக் கல்யாணமாம். சின்னண்ணன் இருந்த அறையை நீங்க ஒழித்துக் கொடுத்தால் நல்லது என்று இழுத்தார். 'அவளுக்குப் புள்ள குட்டி இல்ல, ஒண்டியாளு, எங்கனா இருந்துக்குவா' என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

நீங்க இங்கே வந்துவிடுங்க அண்ணி. எங்கள் கார்மெண்ட்ஸில் நூல் வெட்டுகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். படிப்பு வேண்டாம். சேருகிற அன்று கேட்டில் அட்டை எழுதுவார்கள். உங்க பேர், ஊர், புருஷன் பேர் கேட்பார்கள், அவ்வளவுதான். தலைத் திவசம் முடிந்ததும் கிளம்புங்க. என் ரூமில் இருக்கலாம்.

துணிமணி பற்றித்தான் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதீங்க. ரூமில் துணி போட ஒரு கயிறும் சில ஆணிகளும்தான். கம்மியாக இருக்கணும், ஆனால் எதை எடுத்தாலும் எதோடும் சேரணும். வந்த புதிதில் நான் புடவைக்கு ஒரு ஜாக்கெட் என்று அடுக்கிக்கொண்டு வந்து அவதிப்பட்டேன். ஆனி ஆடியில் இங்கே வெயிலே வராது. விடாமல் சாரல். நம்மூர் நூல் புடவை காயாமல் முடை நாற்றம் அடிக்கும். நைலக்ஸ், பாலியஸ்டர் என்றால் அலசிப் போட்டு மறுநாள் கட்டிக்கொள்ளலாம். அப்படி ஆறு புடவை போதும். ஜாக்கெட் கறுப்பு, மெரூன், பச்சை. எந்தப் புடவையிலும் இந்த மூன்றில் ஒன்று பூவிலோ கரையிலோ இருக்கும், பாருங்க. பாவாடை கறுப்பில் ஒன்று, மெரூனில் ஒன்று. ஸ்வெட்டர் நான் வாங்கி வைக்கிறேன்.

களை எடுக்கப் போகிற மாதிரி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக் கட்டாதீங்க. இங்கே அப்படிக் கட்டுகிறவர்கள் பில்டிங் வேலைப் பெண்கள்தான். கணுக்கால் மூடணும், முந்தானைக்குப் பின் குத்தணும். கேட்டில் நிற்கிறவன் துணியைப் பார்த்துத்தான் 'அம்மா' என்பதா 'ஏய்' என்பதா என்று முடிவு பண்ணுவான். உங்க அண்ணன் போட்ட வெளிர் கோடியைக் கட்டிக்கொண்டு வராதீங்க. இந்த ஊர் செம்மண்ணில் ஒரு நாளைக்குத் தாங்காது. நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்க. இங்கே யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்பதில்லை.

கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்க. எதை எடுக்கலாம் எதை விடலாம் என்று சொல்கிறேன்.

ஜெயம்மாள்


கச்சிராயபாளையம்
20.7.1997

ஜெயாவுக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. நீயாவது நன்றாக இரு.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. ஆனால் ஓரிடத்தில் கண் நின்றுபோனது. கறுப்பில் ஒன்று மெரூனில் ஒன்று என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில். உனக்கு அது துணி. எனக்கு அது உன் சின்னண்ணன் பேர். உங்கள் அம்மா குலசாமிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பேர். அதை இப்படி மெரூனில் ஒன்று என்று எழுதிவிட்டாயே.

தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று என்னைப் பெற்றவள் சொல்லி அனுப்பினாள். உள்கட்டு என்றுதான் சொல்வேன். கள்ளக்குறிச்சியில் மஜீத் பாய் ஜவுளிக் கடைக்குப் போனால் அவருக்கும் தெரியும். ஒரு தரம் உன் அண்ணன் கூட வந்திருந்தார். நான் 'உள்ள கட்டறது ஒண்ணு குடுங்க பாய்' என்றேன். பாய் வேண்டுமென்றே, 'இன்னாம்மா அது, பேரு இல்லாத துணி? பேரச் சொல்லிக் கேட்டாத்தான் தருவேன்' என்றார். உன் அண்ணன் பின்னால் நின்றுகொண்டு, 'ரெண்டா குடு பாய். ஒருத்தன வச்சிக்கினு இவளுக்குப் போதல' என்றார். கடையே சிரித்தது. அன்றிலிருந்து அந்தத் துணியை அவரேதான் வாங்கி வருவார். எனக்குக் கேட்கிற வேலை இல்லாமல் போனது.

புருஷன் பேர் கேட்பார்கள், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவுதானா ஜெயா?

அவர் வேலை செய்த மாடியிலிருந்து விழுந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரி கேட்டில் நின்ற காவல்காரனும் அதைத்தான் கேட்டான். அவனுக்குத் தமிழ் வரவில்லை. உன் பேரைச் சொன்னேன், என் பேரைச் சொன்னேன். உள்ளே படுத்திருக்கிறவர் பேர் வேண்டும் என்று கையை ஆட்டினான். நான் புடவையைக் கொஞ்சம் தூக்கி உள்கட்டின் ஓரத்தைக் காட்டினேன். இதுதான் பேர், இதுதான் பேர் என்று காட்டினேன். பைத்தியம் என்று நினைத்தான் போலிருக்கிறது, கம்பை எடுத்தான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நீ இறங்கி வந்தபோது உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பந்தலில் நீ சொன்னதை நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். 'பேரச் சொல்லித் தொலைச்சிருந்தா உசுரோட மூஞ்சியாவது பாத்திருப்ப' என்றாய். அன்றைக்கு மட்டும்தான் என்னை நீ என்று பேசினாய். களை எடுக்கும்போதும் காதில் கேட்கிறது, சோறு வடிக்கும்போதும் கேட்கிறது.

கேட்டதற்காக எழுதுகிறேன். கூரைப் புடவை. அவர் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த நீலப் பூப்போட்ட நைலக்ஸ். மெரூன் கட்டம் போட்டது ஒன்று, பச்சைக் கரை ஒன்று. நைந்த வாயில் புடவை ஒன்று, வயலுக்கு. பிறகு அண்ணன் போட்ட கோடி. அதைத்தான் கட்டியிருக்கிறேன். நான் வருவதாக இல்லை. அந்த ஊரில் இன்னொரு கேட்டில் போய் நிற்க என்னால் ஆகாது.


பொம்மனஹள்ளி
10.8.1997

அண்ணிக்கு,

உங்க கடிதத்தின் அடியில் பேர்கூடப் போடவில்லை. நான் செய்ததற்கு அது சரிதான்.

அந்தச் சொல்லை யோசிக்காமல் எழுதிவிட்டேன். நாள் முழுக்கத் தையலுக்கு நடுவில் உட்கார்ந்து எனக்கு எல்லாமே துணியாகிவிட்டது. இனி நானும் உள்கட்டு என்றே எழுதுகிறேன்.

பந்தலில் பேசினதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்றை உங்களிடம் சொல்லவே இல்லை. பேசாமல் இருந்ததில் சொல்ல வாய்ப்பே வரவில்லை. அன்று காலையில் சின்னண்ணனுக்கு நினைவு இருந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, 'உங்க அண்ணி வந்து கேட்டாண்ட நின்னுக்கினு இருப்பா. பேரு கேப்பான், சொல்ல மாட்டா. நீ போயி இட்டுக்கினு வா' என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் அண்ணி. அந்த வலியில் சிரித்தார். 'என் பேர வச்சிக்கினு அவ படற பாடு' என்றார். நான் எழுந்தேன். அதற்குள் நர்ஸ் ரத்தம் வாங்கிவரச் சொல்லிச் சீட்டைக் கையில் திணித்தார். ரத்தம் கொடுக்கிற இடம் பின்வாசல் பக்கம். வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

உங்கள்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்க சொல்லமாட்டீங்க என்று தெரிந்துதான் படுத்திருந்தார். கோபம் எனக்குத்தான். யார்மேல் என்று தெரியாமல் உங்கள்மேல் போட்டேன்.

நீங்க வருவதாக இல்லை என்று எழுதினீங்க. ஆனால் என்னென்ன இருக்கிறது என்றும் எழுதினீங்க. அதனால் சொல்கிறேன். நீல நைலக்ஸ் இந்த ஊருக்கென்றே நெய்தது மாதிரி. அதற்குக் கறுப்பு ஜாக்கெட். மெரூன் கட்டத்துக்கும் கறுப்பு சேரும். பச்சைக் கரையில் மெரூன் பொட்டு ஓடுமே, அதற்கு மெரூன். அப்போது பச்சை ஜாக்கெட்டே வேண்டாம், இரண்டு நிறத்தில் முடிந்துவிடும். வாயில் புடவை மெல்லிசு, இந்தக் குளிருக்கு ஆகாது, விட்டுவிடுங்க. இரண்டு புடவை நான் தருகிறேன். கூரைப் புடவை உங்க இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட் ஒன்று கொடுத்து அனுப்புங்க. நம்ம தெரு தங்கதுரை இங்கே மேஸ்திரி வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு முன்னால் ஊருக்கு வருவான்.

உள்கட்டு எத்தனை இருக்கிறது என்று நீங்க எழுதவில்லை.

ஜெயம்மாள்


கச்சிராயபாளையம்
12.10.1997

ஜெயாவுக்கு,

தங்கதுரையிடம் அளவு ஜாக்கெட் கொடுத்திருக்கிறேன். அது போன வருஷத்து அளவு. இரண்டு பக்கமும் விரல்கடை உள்ளே பிடி. கையையும் பிடி. எனக்கே தொளதொளவென்று இருக்கிறது.

இதை வைத்து நான் வருகிறேன் என்று நினைக்காதே. கேட்டாய், கொடுத்தேன்.

அவர் சொன்னதை எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். பாய் கடையில் சிரித்த சிரிப்பு. என்னை இட்டுக்கினு வரச் சொன்னாரே. நான் கீழே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே. அது போதும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் அதுவேதான் அறுக்கிறது.

இங்கே நடந்ததைக் கேள். நான் களை எடுக்கப் போன நேரத்தில் உன் பெரியண்ணன் அறையில் உரிக்காத மல்லாட்டை மூட்டையை அடுக்கிவிட்டார். என் பாய், பானை, டிரங்குப் பெட்டி எல்லாம் வாசலில். 'மழ வரும்போல இருந்துச்சு, மூட்ட நனைஞ்சிடும்னு வச்சேன்' என்றார். பெட்டி நனைந்துதான் கிடந்தது. ஆட்கள் வெள்ளிமலைக்கு வேலைக்குப் போனார்கள், அவர்களோடு வேனில் ஏறிவிட்டேன்.

மலையில் மழையும் குளிரும். அப்போதுதான் பெங்களூர் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் புருஷன்மார் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் நமக்கு அதுதானே. என் பையிலும் ஒன்று இருந்தது. வேலை செய்த இடத்திலிருந்து திரும்பி வந்த அவருடைய முழுக்கைச் சட்டை. நான் அதைத் துவைக்கவே இல்லை. காலரில் சிமெண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்றவள், 'வூட்டுக்காரர் நல்லா ஒசரமோ, சட்ட முட்டியத் தொடுது' என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. நான் ஆமாம் என்றேன். ஒசரம் என்றேன். அன்று முழுக்க அவர் உயிரோடிருக்கிற மாதிரி வேலை செய்தேன் ஜெயா.

ஒரு வேளை வந்தால் அந்தச் சட்டையோடுதான் வருவேன். பில்டிங் வேலைக்காரி என்று கேட்டில் நினைத்தால் நினைக்கட்டும். அவர் பில்டிங் வேலைக்காரர்தானே.

உள்கட்டு ஒன்றுதான் இருக்கிறது. நாடா மாற்றி, கீழே ஒட்டுப் போட்டிருக்கிறேன். வாங்கித் தருகிறவர் இல்லை. கேட்டு வாங்க எனக்கு வாய் இல்லை.

சாலம்மாள்


பொம்மனஹள்ளி
9.11.1997

அண்ணிக்கு,

ஜாக்கெட் நாலும் தைத்துவிட்டேன். கறுப்பு இரண்டு, மெரூன் இரண்டு. நீங்க சொன்னபடி உள்ளே பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க அழுகை வந்தது. பக்கத்து ரூம் பெண் எட்டிப் பார்த்து, 'யாருக்குக்கா, எட்டாவது படிக்கிற புள்ளைக்கா' என்றாள். ஓரத்தில் துணி விட்டிருக்கிறேன். இங்கே வந்து நாலு மாதம் என் கையால் சாப்பிட்டால் பிரித்துத் தைத்துவிடலாம்.

சட்டையைக் கொண்டு வாங்க. கம்பெனியில் மேலே போட விடமாட்டார்கள். ஸ்வெட்டருக்குள்ளே போட்டுக்கொள்ளுங்க, யாருக்கும் தெரியப்போவதில்லை. கம்பளி சிலருக்கு அரிக்கும், உள்ளே சட்டை இருந்தால் நல்லதுதான். துவைக்க வேண்டாம்.

அந்தச் சட்டையோடு வந்த பையில் லுங்கி, பூச்சுக் கரண்டி, தூக்குக் குண்டு எல்லாம் கருமாதிக்குக் கொண்டு வந்தேன். ஒன்றை மட்டும் கொண்டு வரவில்லை. கடைத் தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மடித்துவிட்டேன். பந்தலில் நாலு பேர் நடுவில் அதை உங்க கையில் எப்படிக் கொடுப்பது? கறுப்பு உள்கட்டு அண்ணி. புதிது. ஊருக்கு வரும்போது கொண்டுவர வாங்கி வைத்திருக்கிறார்.

தங்கதுரைக்கு அது தெரிந்திருக்கிறது. சிக்பேட்டையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினார்களாம். 'பொம்பளைங்க துணிய எதுக்குண்ணே நீ வாங்கற' என்று இவன் கேட்டானாம். 'எங்க வூட்ல அது என் டூட்டிடா. நான் போயிட்டா அவளுக்கு அதுகூடக் கெடைக்காது' என்றாராம் அண்ணன். விளையாட்டாகச் சொன்னதாம். இதைச் சொல்லிவிட்டுத் தங்கதுரை என் ரூம் வாசலில் உட்கார்ந்து அழுதான்.

இதைத் தபாலில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆணியில் என் துணிகளுக்கு நடுவில் பொட்டலமாகவே தொங்குகிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்க. நான் கொண்டுவந்து தரவும் மாட்டேன். நீங்க வந்து எடுக்க வேண்டிய துணி அது.

உங்களுக்காகக் கேட்டில் நான் நிற்பேன். பேர் கேட்டால் நான் சொல்கிறேன்.

ஜெயா


கச்சிராயபாளையம்
1.3.1998

ஜெயாவுக்கு,

தலைத் திவசம் முடிந்தது. உனக்கு லீவு கிடைக்காதது பற்றி வருத்தப்படாதே. உன் பேரைச் சொல்லியும் ஒரு பிடி சோறு வைத்தேன். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். காக்கை வர நேரமானது. வந்தது.

மூட்டைக்கு நடுவே நான் படுத்துக் கிடந்த அறையை முழுசாக ஒழித்துவிட்டேன். கூரைப் புடவையைக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று உன் பெரியண்ணியிடம் நீட்டினேன். நல்ல பட்டு, இரண்டு தரம் கட்டினது. அவள் கை நீளவில்லை. 'வச்சிக்கினு இரு சாலு, உனக்கு ஒதவும்' என்றாள். எதற்கு உதவும் என்று நான் கேட்கவில்லை. அறுத்தவள் புடவை மணப்பெண்ணுக்கு ஆகாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. மடித்து எடுத்துக்கொண்டேன். உன் கணக்கில் சேராத புடவை அது. இருந்துவிட்டுப் போகட்டும். கோடியையும் நைந்த வாயில் புடவையையும் இங்கே விடுகிறேன்.

நீலம், மெரூன் கட்டம், பச்சைக் கரை, கூரைப் புடவை, அவர் சட்டை. மொத்தமும் ஒரு கட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. ஒரு பெண்பிள்ளை குடித்தனம் செய்தது இவ்வளவுதானா என்று இருந்தது.

உள்கட்டு இரண்டு வேண்டும் என்று எழுதியிருந்தாய். கறுப்பு அங்கே இருக்கிறது. மெரூனுக்கு நேற்று கள்ளக்குறிச்சிக்குப் போனேன்.

பாய் கடையில் கல்யாணக் கூட்டம். பாய் என் நெற்றியைப் பார்த்தார். விளையாட்டாக ஒன்றும் பேசவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், 'அந்த உள்ள கட்டறதுதானம்மா, இதோ' என்று அலமாரிப் பக்கம் திரும்பினார். என்னைக் கேட்க விடக் கூடாது என்று நினைத்தார். நல்ல மனுஷன். எனக்குத்தான் அது தாங்கவில்லை.

'இருங்க பாய், நானே கேக்கறேன்' என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டு நின்றார். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

'பாவாடை ஒண்ணு குடுங்க' என்றேன்.

பாய் அளவுகோலை எடுத்து மேசைமேல் நேராக வைத்தார். பிறகு, 'இன்னா கலர்மா?' என்றார்.

'மெரூன்.'

அவ்வளவுதான் ஜெயா. பக்கத்தில் நின்ற பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் சொல்கிற சொல்தானே. இதைச் சொல்லத்தான் அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருந்தால் அவர் ஆயுசு நீளும் என்று இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்தேன். இனிமேல் குறைய அதில் ஒன்றும் இல்லை.

கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு நடந்தேன். முதலில் துணி கேட்கிற மாதிரி. அப்புறம் கூப்பிடுகிற மாதிரி. வேலை முடிந்து வருகிறவரைத் தெருமுனையில் பார்த்துக் கூப்பிட்டால் எப்படி இருந்திருக்கும், அப்படி. கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை.

10-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன். தங்கதுரை கூட வருகிறான். சின்னசேலத்தில் ரயில் ஏறி சேலம் வந்து, அங்கிருந்து பஸ். நீல நைலக்ஸ் கட்டிக்கொண்டு வருகிறேன். கணுக்கால் மூடித்தான் கட்டுவேன், பயப்படாதே. முந்தானைக்குப் பின் வாங்கிவிட்டேன். பொட்டலத்தை நீ பிரிக்காதே.

எனக்காகக் கேட்டில் நிற்க வேண்டாம். உன் கம்பெனியில் பேர் கேட்டால் நானே சொல்லிவிடுவேன். கேட்கிறவனுக்குத் தமிழ் வராவிட்டாலும் சொல்லிவிடுவேன். அந்த ஆஸ்பத்திரி கேட்டில்தான் இனிமேல் என்னை யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
சாலம்மாள்
க/பெ. பாவாடை